செலவைக் கணக்குப் பார்த்துப் படிக்க வைப்போம்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில், செவிலியர் பயிற்சிப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – ஆசிரியர்)



"பச்சைமலைப் பிள்ளைகளின் படிப்பு உதவியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சிஸ்டர்" என்று சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு தயாராயிருப்பது எனக்கும் தெரியும்.

உங்களில் ஒரு சபையார் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். அன்பான கடிதம், நியாயமான கேள்வி. "ஒரு பிள்ளையை மூன்று வருடம் நர்சிங் படிக்க வைக்கிற பணத்தில், நான்கு பிள்ளைகளை ஒரு வருட சர்டிபிகேட் படிப்பில் சேர்த்துவிடலாமே? நான்கு குடும்பங்கள் பிழைக்குமே?" என்று கேட்டிருந்தார்கள். பிடியரிசிக் காணிக்கையாகச் சேர்ந்த பணம் அது. வீட்டில் உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்த பணத்துக்கு இப்படிக் கணக்குக் கேட்பது சரிதான். அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு பஸ்ஸில் ஏறிப் போனவர்களுக்கு அந்த மலை தெரியும். மரவள்ளிக் காடு, கொஞ்சம் முந்திரி, ஆடு மாடு, இவைதான் ஜீவனம். கிழங்கு விலை நன்றாயிருந்த வருடம் வீட்டில் காசு நடமாடும். விலை விழுந்த வருடம் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கே வாழ்கிற மலையாளி மக்கள் நம் திருச்சி மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளாக்காரர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். மலையை ஆளுகிறவர்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள். 2024-ல் அந்த மலையின் அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பெற்றது பத்திரிகைகளில் வந்ததே, படித்திருப்பீர்கள்.

ப்ளஸ் டூ முடிவு வருகிற நாட்களில் சுற்றுவட்டாரப் பஸ் நிலையங்களைப் பாருங்கள். "நர்சிங்" என்று பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில் அசிஸ்டென்ட், அல்லது எய்டு. அதற்கும் கீழே "100 சதவீதம் வேலை உறுதி". மலையிலிருந்து இறங்கி வருகிற தகப்பனுக்குப் பெரிய எழுத்துத்தான் கண்ணில் படும். ஒரு தகப்பனார் என்னிடம், "சிஸ்டரம்மா, பாப்பா ஒரு வருசத்துல சம்பாதிக்க ஆரம்பிச்சிரும்னு சொன்னாங்க. மூணு வருசம் நாங்க எப்படித் தாங்குவோம்?" என்றார். அவர் கேட்டதும் நியாயந்தான். ஆகையால் அவரோடு உட்கார்ந்து ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அதை உங்களுக்கும் சொல்லுகிறேன். தொகைகள் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் கூடும், குறையும்.

ஒரு வருடப் படிப்புக்குக் கட்டணம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுவோம். திருச்சியில் தங்கிச் சாப்பிட மாதம் 3,500 வீதம் 42,000. சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போக வர பஸ் செலவு, எல்லாம் சேர்த்து 8,000. ஆக 95,000. நோட்டீசில் இருப்பது முதல் தொகை மாத்திரம். ஆட்டை விற்று, தாயின் தோட்டை அடகு வைத்து 45,000 சேர்த்துவிடுகிறார்கள். மீதி 50,000-க்கு மூன்று வட்டிக்குக் கடன். மூன்று வட்டி என்றால் ஏதோ சொற்பம் போலத் தோன்றும். மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 1,500. படிக்கிற பன்னிரண்டு மாதத்தில் வட்டி கட்ட வழியில்லை, 18,000 சேர்ந்துவிடும். பிள்ளை கையில் சர்டிபிகேட் வாங்குகிற அன்று கடன் 68,000.

இப்போது வேலை. ஒரு சிறிய நர்சிங் ஹோமில் 8,500 சம்பளம் என்று வையுங்கள். தங்க, சாப்பிட 4,000. பஸ், போன், சோப்பு, எண்ணெய் 1,000. மீதி 3,500. அதை அப்படியே கடனுக்குக் கொடுத்தால், முதல் மாதம் அதில் 2,040 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 1,460. இப்படி ஒரு மாதமும் தவறாமல், காய்ச்சல் வராமல், ஊர்த் திருவிழாவுக்குப் போகாமல் கட்டினால் முப்பது மாதத்தில் கடன் தீரும். வாங்கியது 50,000, கட்டியது ஒரு லட்சத்துக்கு மேல். இந்த இரண்டரை வருடமும் அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு ரூபாய் அனுப்பியிருக்க மாட்டாள். அசலைத் துண்டு துண்டாக வட்டிக்காரர் வாங்கிக்கொள்ளுவாரா என்பது வேறு கதை. அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அவசரத்துக்குக் கொடுத்தவர்மேல் புகார் எழுத மலையில் யாருக்கும் மனம் வராது.

தகப்பனார் நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் சம்பாதிப்பாள் என்பது சரி, யாருக்குச் சம்பாதிப்பாள் என்பதுதான் கேள்வி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே, "அப்ப மூணு வருசம்தான் இதுவும்" என்றார்.

அதே 50,000-ஐ வங்கியில் வருடம் 10 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால்? படிப்பு முடியும்போது 55,000. அதே 3,500 வீதம் கட்டினால் பதினேழு மாதத்தில் முடிந்துவிடும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈட்டுச் சொத்துக் கேட்பதில்லை. படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதுமில்லை. அப்படியானால் ஏன் வங்கிக்குப் போவதில்லை? போகிறார்கள். வங்கியில் முதல் கேள்வி, "இது அங்கீகாரம் பெற்ற படிப்பா?" என்பது. இல்லை என்றதும் திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டார் மனம் புண்பட்டு வட்டிக்காரரிடம் போகிறார்கள். நான் என்ன சொல்லுகிறேன் என்றால், அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வங்கி கடன் கொடுக்க மறுத்ததே ஒரு செய்தி. பழங்குடி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அப்படியே. குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டணத்துக்கும் பராமரிப்புக்கும் அது கிடைக்கும். ஆனால் அங்கீகாரமுள்ள படிப்புக்கு மாத்திரம். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. இந்த வருட விதிமுறைகளைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படிப்புக்கு இவற்றில் ஒன்றுமே கிடைக்காது என்றால் நோட்டீசை மடித்து வைத்துவிடலாம்.

அங்கீகாரம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் சபைகளிலேயே படித்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். செவிலியர் என்று பதிவு செய்துகொள்ள ஏ.என்.எம். இரண்டு வருடம், அல்லது ஜி.என்.எம். மூன்று வருடம், அல்லது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ம் வருடச் சட்டத்தில் வந்தது. நம் மாநிலத்துப் பதிவு அதற்கும் முந்தியது. 1926-ம் வருட மதராஸ் சட்டம். பதிவேட்டில் பெயர் ஏறாத ஒருவர் பத்து வருடம் ஊசி போட்டிருந்தாலும், வேறு ஊருக்குப் போனால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். லேப், தியேட்டர், டயாலிசிஸ் போன்ற டெக்னீசியன் வேலைகளுக்கு 2021-ல் தனியே ஒரு தேசியச் சட்டம் வந்தது. அதன்படி இணை மருத்துவப் பணியாளர் என்று கணக்கில் வர, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள். ஆறு மாதத்தில் எல்லாம் கற்றுத் தருகிறோம் என்கிறவர்களிடம் மணிக்கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

இது நம் ஊர்க் கஷ்டம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டென்ட் என்று ஒரு வேலை. டாக்டரின் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, கோப்புகளைப் பார்த்துக்கொள்வது போன்றவை. அதற்கான சர்டிபிகேட் படிப்புகளை நடத்தி வந்த கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய தனியார் நிறுவனம் 2015 ஏப்ரலில் மீதமிருந்த தன் கல்லூரிகளையெல்லாம் ஒரே நாளில் மூடிவிட்டது. வேலை வாய்ப்பைப் பற்றிச் சொன்ன எண்கள் பொய் என்று அதற்கு முன்பே வழக்குகள் இருந்தன. கடைசியில் 2022-ல் அந்த நாட்டு அரசாங்கம் 5,60,000 பேருடைய கல்விக் கடனை, 580 கோடி டாலரை, ரத்து செய்தது. அங்கே 2023-ல் ஒரு விதியும் வெளியிட்டார்கள். படித்து முடித்தவரின் வருடக் கடன் தவணை அவருடைய வருட வருமானத்தில் 8 சதவீதத்துக்குள், அல்லது அத்தியாவசியம் போக மிஞ்சும் தொகையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. நம் பிள்ளையின் 8,500-க்கு எட்டு சதவீதம் எவ்வளவு? 680 ரூபாய். அவள் கட்டுவதோ 3,500. அமெரிக்கா செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. இந்த அளவுகோல் நல்ல அளவுகோல், நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அதிக வருடம் படித்தால் அதிகச் சம்பளம் நிச்சயமா? நிச்சயமென்று சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் எம்.ஆர்.பி. கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு 2,250 இடங்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அடிப்படை ஊதியம் 19,500-இல் தொடக்கம், படிகள் தனி. அதற்கு ஏ.என்.எம். தகுதி போதும். எங்களிடத்தில் படித்துவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வருடக்கணக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். ஒரு வருட அசிஸ்டென்ட் படிப்புப் படித்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியவில்லை. ஆனால் அரசு வேலை எப்போது வரும், எத்தனை பேருக்கு வரும் என்று யார் சொல்லக்கூடும்? ஆகவே கணக்குப் போடும்போது அரசுச் சம்பளத்தை எழுதவே கூடாது. அது வந்தால் தேவனுடைய தயவு.

தனியார் இடத்திலும் வித்தியாசம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000-க்குக் குறையக்கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அந்த மாநில அரசுச் செவிலியரின் சம்பளத்துக்குச் சமமாக இருக்க வேண்டுமென்றும் அந்தக் குழு பரிந்துரை செய்தது. நம் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகள் பலவற்றில் அது இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு செவிலியர், "எனக்கு இவ்வளவு வரவேண்டும்" என்று கேட்க ஒரு காகிதமாவது உண்டு. அசிஸ்டென்ட் பிள்ளை அந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஒரு வருடப் படிப்பே ஆகாது என்று நான் சொல்லுவதாக யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. மயக்க மருந்து டெக்னீசியன், தியேட்டர் டெக்னீசியன், அவசர சிகிச்சை டெக்னீசியன் என்று பல. கட்டணம் மிகச் சொற்பம். தனியார் இடத்தில் ஒரு மாதச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. இடம் கிடைக்கிற பிள்ளை யோசிக்காமல் சேரலாம், மேலே சொன்ன புதுச் சட்டத்தின்கீழ் அந்தச் சான்று எப்படிக் கணக்கிடப்படும் என்பதை மாத்திரம் சேரும்போது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பச்சைமலைப் பிள்ளைகள் பலருக்கு இப்படி விண்ணப்பம் உண்டென்பதே தெரியாது. தெரிய வரும்போது கடைசித் தேதி போயிருக்கும். ஒரு விண்ணப்பத்தை நேரத்தில் நிரப்பிக் கொடுப்பது பல ஆயிரம் ரூபாய் காணிக்கைக்குச் சமம். அதற்குப் பணமே வேண்டாம், துறையூரில் ஒரு வாலிபர் சங்கம் போதும்.

இன்னொரு வகையும் உண்டு. கணவனை இழந்து, இரண்டு சிறு பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சகோதரியை மூன்று வருடம் திருச்சி விடுதியில் இருக்கச் சொல்ல முடியுமா? அவள் ஊரிலிருந்தே போய் வரக்கூடிய மருத்துவமனையில், சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கிற உள்பயிற்சிதான் அவளுக்கு ஏற்றது. கடன் இல்லை, விடுதிச் செலவில்லை. நம்மிடமும் அப்படிப் பயிற்சி உண்டு. இந்தச் சான்று நம் வளாகத்துக்கு வெளியே கவுன்சில் பதிவுக்கு உதவாது என்பதைச் சேருகிற அன்றே வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுகிறோம். ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற முதியோர் வீடுகளில் படுக்கையோடு இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளவும் இப்படிப்பட்ட பெண்களைத் தேடி வருகிறார்கள். சாப்பாடும் தங்குமிடமும் அங்கேயே கிடைப்பதால் கையில் நிற்கிற பணம் நர்சிங் ஹோமைவிடக் கூடுதல் என்று எங்கள் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். ஏஜென்சி எவ்வளவு பிடித்துக்கொள்ளுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவும் பகலும் ஒரே ஆள் என்றால் அந்த வேலை உடம்பைத் தின்றுவிடும். அதையும் சொல்லி வைக்கிறேன்.

நம் முன்னோடிகள் இதை வேறுவிதமாகச் செய்தார்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியவர். 1903-ல் காம்பவுண்டர்களுக்குப் பயிற்சி, 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று போனார். வரிசையைக் கவனியுங்கள். தன் மருத்துவமனைக்கு யார் தேவையோ அவர்களை அங்கேயே பயிற்றுவித்தார். படித்தவர்களுக்கு வேலை அடுத்த அறையிலேயே இருந்தது. பச்சைமலைக்கு வடக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலிருக்கிற சித்தேரிப் பக்கத்துச் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கியபோதும், அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். மலைக்கு வெளியே கடன் வாங்கிப் படித்து, கடனுக்காக வெளியூரிலேயே தங்கிவிடுகிற பிள்ளை மலைக்கு எப்போது திரும்புவாள்? அந்தக் கேள்விக்கு இந்த இரண்டு இடங்களும் பதில் வைத்திருக்கின்றன.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நான்கு பிள்ளைகளா, ஒரு பிள்ளையா? அறிக்கையில் நான்கு என்று எழுதுவது நமக்குச் சந்தோஷமாயிருக்கும், புகைப்படமும் நிறைந்திருக்கும். ஆனால் நான் ஒரு பிள்ளையைக் கேட்கிறேன். அவளையும் முதல் வருடத்தோடு விட்டுவிடாமல் கடைசி வருடம் வரைக்கும் கேட்கிறேன். ஏனென்றால் கடனிலே மோசமான கடன், பாதியில் நின்ற படிப்பின் கடன். முதல் வருடம் சபை கட்டியது, இரண்டாம் வருடம் பணம் வரவில்லை, பிள்ளை வீடு திரும்பினாள் என்றால், சர்டிபிகேட்டும் இல்லை, வாங்கியதும் தீரவில்லை. நம்மிடம் வேலை கேட்டு வந்த ஒரு பிள்ளை, கட்டண பாக்கிக்காகத் தன் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களையெல்லாம் ஒரு நிறுவனத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பாக்கி 12,000 ரூபாய். அந்தப் பன்னிரண்டாயிரம் இல்லாமல் அவள் வேறு எங்கும் சேரவும் முடியவில்லை, விண்ணப்பிக்கவும் முடியவில்லை. அவளுடைய மாமா ஊரில் பேசிச் சேர்த்துக் கொடுத்து மீட்டார். நல்ல வேளை, மாமா இருந்தார்.

ஆகவே உதவித்தொகை ஒதுக்கும்போது தேர்வில் ஒரு பாடம் போனால் மறுபடி எழுதுகிற கட்டணம், ஆறு மாதம் கூடுதலாக விடுதியில் இருக்க நேர்ந்தால் அந்தச் செலவு, கவுன்சிலில் பதிவு செய்கிற கட்டணம், முதல் சம்பளம் வருகிறவரைக்கும் ஒரு மாதச் சாப்பாடு, இவற்றையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி லூக்கா 14-ல் ஆண்டவர் பேசியதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். சீஷத்துவத்தைப் பற்றிய வார்த்தை அது, எனக்குத் தெரியும். விடுதிக் கட்டணத்துக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

சிலர், "இனாமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, கடனாகக் கொடுக்கலாமே" என்கிறார்கள். வட்டியில்லாமல், வேலை கிடைத்த பிறகு, கையில் நிற்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் திருப்பித் தரட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பணத்தில் தங்கள் மலையிலிருந்து இன்னொரு தங்கை படிப்பாள் என்று தெரிந்தால் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். ஆனால் மூலச் சான்றிதழ்களை நாம் வாங்கிப் பூட்டி வைப்பதோ, இத்தனை வருடம் இங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவதோ கூடாது. மற்றவர்கள் செய்கிறபோது குற்றம் என்கிறோம்; நாம் செய்தால் ஊழியம் ஆகிவிடுமா?

உங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளையைப் பரிந்துரைக்கும் முன் தயவுசெய்து அந்த இடத்துக்கு நேரில் போய் வாருங்கள். கட்டடத்தைப் பார்க்க அல்ல. பயிற்சிக்குப் பிள்ளைகளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். கவுன்சிலின் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இந்த வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் இருந்தது போதாது. போன வருடம் முடித்த மூன்று பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். மூவரில் குறைந்த சம்பளம் யாருக்கோ, அதை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் எங்கள் குழு கணக்குப் போடும்.

இந்த வருடத்துக்குப் பதினொரு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஆறு பேர் மலையிலிருந்து, இருவர் அடிவாரத்திலிருந்து, மற்றவர்கள் திருச்சிப் பக்கம். கையிருப்பு, மூன்று பேரை முடிவுவரை படிக்க வைக்கப் போதும். நான்காவது பிள்ளைக்கு இரண்டாம் வருடத்திலிருந்து குறைவாயிருக்கிறது. அந்த நால்வருடைய கணக்கும் தனித்தனித் தாளில் வாசற்பக்க மேஜைமேல் இருக்கிறது. பெயர் எழுதவில்லை, தொகை மாத்திரம் எழுதியிருக்கிறோம். சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். கேள்வி இருந்தால் நான் மூன்று மணி வரை அங்கேதான் இருப்பேன். துறையூர் பஸ் அதற்குப் பிறகுதான்.